டிராயரில் முப்பத்தொரு டிகிரி

என் கடை ஒரகடத்தில், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்ட் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் தெருவில் இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போட ஒரு பெட்டி, போட்டோ எடுக்கும்போது பின்னால் தொங்கவிட ஒரு நீலத் துணி. ஆபீஸ்கள் காலை எட்டரைக்குத் திறக்கும். நான் ஏழுக்கே திறந்துவிடுவேன். லேட்டாகத் திறந்தால் ஆட்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயம். எதிரில் கடை கிடையாது. என்றைக்காவது வந்துவிடும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். காலாண்டுப் பரீட்சை அன்று காலையில் வயிற்று வலி வந்தது. அரையாண்டுக்கும் வந்தது. முழு ஆண்டுக்கு நான் போகவில்லை. அன்று வயிறு நன்றாக இருந்தது. அதற்காகப் படிப்பின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இருபது வருடமாக மற்றவர்கள் படித்ததைக் காப்பி எடுத்துத்தான் சாப்பிடுகிறேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியதல்ல, தானாக ஏற்பட்டது. ஒரு பையன் ஃபைலை நீட்டுவான்.

"அண்ணே, பத்தாவது, ப்ளஸ் டூ, ஆதார். மூணு மூணு காப்பி."

"டிகிரி கீதே, அது வோணாமா?"

"அத்த வெளிய எடுத்துருண்ணே. இங்கியே வச்சிரு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்க்க ப்ளஸ் டூ போதும், ஐ.டி.ஐ. இருந்தால் நல்லது. டிகிரி இருந்தால் கான்ட்ராக்ட்காரர்கள் யோசிப்பார்கள். படித்தவன் மூன்று மாதத்தில் ஓடிவிடுவான், ஓடாவிட்டால் கேள்வி கேட்பான் என்பது அவர்கள் கணக்கு. அதனால் டிகிரி படித்தவர்கள் இன்டர்வியூவுக்குப் போகும்போது ப்ளஸ் டூ ஆகிவிடுவார்கள். ஃபைலை மேசையில் வைத்தால் உள்ளே இருப்பவர் கடைசி வரை புரட்டிப் பார்ப்பார் என்பதால், டிகிரி சர்ட்டிபிகேட்டை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அதைக் காக்கிக் கவரில் போட்டு, மேலே பெயரும் போன் நம்பரும் எழுதி டிராயரில் வைப்பேன். செலக்ட் ஆனவர்களை அன்றைக்கே வேனில் ஏற்றி மெடிக்கல் டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அங்கிருந்து ஹாஸ்டல். மறுநாள் ஷிப்ட். சாயங்காலம் யாரும் வருவதில்லை. வருபவர் செலக்ட் ஆகாதவர்.

ப்ளஸ் டூ முடித்த பிறகு மூன்று வருடம் என்ன செய்தாய் என்று உள்ளே கேட்பார்கள். அதற்கான பதிலைக் கடை வாசலிலேயே சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரே காலையில் ஒன்பது அம்மாக்கள் படுத்திருக்கிறார்கள். ஒரு பையன் மட்டும் நேர்மையானவன். அவன் அம்மா நன்றாக இருந்ததால், உங்கள் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்ததாக ஒரு லெட்டர் கொடுங்கள் என்றான். கொடுத்துவிட்டேன். போலீஸ் வரும் என்று நான்கு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம் அவனே வந்து, தீபாவளி போனஸ் வந்தது என்று ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் என் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜில் பி.ஏ. பிசினஸ் எகனாமிக்ஸ் கிடைத்திருக்கிறது என்றாள். நல்ல மார்க்தான். காலேஜ் சென்னையில். மூன்று வருடத்துக்கு ஃபீஸ் ஒரு லட்சத்து எண்பதாயிரம், ஹாஸ்டல் இரண்டேகால் லட்சம். ஆன்லைனில் அவளே எஜுகேஷன் லோனுக்கு அப்ளை பண்ணி, நான்கு லட்சத்துக்கு பேங்கில் ஓகேவும் வாங்கிவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றுதான். கூட்டாகக் கடன் வாங்குபவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் போடாவிட்டால் சீட்டு போய்விடும்.

அன்று திங்கட்கிழமை. நான்கு நாள் இருந்தது. பயப்பட எனக்கு அது தாராளம்.

காப்பி சரியாக விழாத ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நான்கு லட்சம் கடன். படிக்கும்போது வட்டி ஏறும். முடித்து ஒரு வருடம் கழித்து மாதம் ஏழாயிரம், பத்து வருடம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இப்போதே கம்பெனிக்குப் போனால் கைக்குப் பதினைந்தாயிரம், மூன்று வருடத்தில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். படிக்கப் போவதால் அது வராது. வராத காசையும் கடனையும் கூட்டினேன். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. இரண்டாம் முறை கூட்டியபோதும் அதுதான் வந்தது.

தாளை மகளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ப்பா, வராத சம்பளத்தையும் செலவுல சேத்திருக்க."

"தப்பா?"

"இல்லப்பா. கரெக்ட். எகனாமிக்ஸ்ல இதுக்குப் பேரே கீது."

நான் பயந்ததற்குப் பாடப் புத்தகத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அது நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவளைக் கடைக்கு வரச் சொல்லி டிராயரைத் திறந்து காட்டினேன். கவர்களை எண்ணி மேசை மேல் அடுக்கினேன். முப்பத்தொன்று. பி.காம்., பி.எஸ்சி., பி.பி.ஏ., இரண்டு எம்.ஏ., மெக்கானிக்கல் இன்ஜினியரிங் எட்டு.

"பாரு. முப்பத்தியோரு பேரு. அல்லாரும் டிகிரி. அல்லாரும் பன்னெண்டாவதுன்னு சொல்லிக்கினு லைன்ல நிக்கிறாங்க. இதுக்கு எதுக்கு நாலு லட்சம்? பன்னெண்டாவது உன்கிட்ட ஏற்கெனவே கீது."

அவள் ஒரு கவரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "இது யாரோடதெல்லாம்ப்பா?"

"சொன்னனே. படிச்சவங்களுது."

"படிச்சி, வேல கெடைக்காம இங்க வந்தவங்களுது. டிகிரிய வச்சி வேல வாங்கினவன் எதுக்குப்பா ஒரகடம் வந்து உன் டிராயர்ல வைக்கப் போறான்? ஆஸ்பத்திரி வார்டுல போயி எண்ணிட்டு வந்து, ஊர்ல அல்லாருக்கும் ஒடம்பு சரியில்லன்றா மாதிரி கீது."

நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். கவர்களைத் திரும்ப அடுக்கினேன். அடுக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பி.ஏ., பிசினஸ் எகனாமிக்ஸ். பதினான்கு மாதத்துக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வைத்துவிட்டுப் போனது. அதே படிப்பு. கடவுளே கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. மேலே இருந்த நம்பருக்குப் போன் போட்டு, நாளைக்குக் கடைக்கு வர முடியுமாம்மா என்று மட்டும் கேட்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் ஏறக்குறைய ஓடி வந்தாள். வல்லம் வடகால் பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்த வாரம் மத்தியான ஷிப்ட்.

"அண்ணாச்சி, சர்ட்டிபிகேட்டுக்கு என்னாச்சு? கரையான் அரிச்சிட்டா?"

"இல்லம்மா. பத்திரமாக் கீது."

"பின்ன எதுக்குப் போன் போட்டிய? ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல. பயந்துல்லா போனேன்."

யாரையாவது இப்படிப் பயமுறுத்துவது எனக்கு அதுதான் முதல் தடவை. டீ சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "நீ படிச்ச அதே படிப்பும்மா. கூடப் பொறந்தவளா நெனச்சி உண்மையச் சொல்லு. எவ்ளோ வாங்கற, எவ்ளோ கட்டற?"

"கைக்குப் பதினாறு வரும். ஓவர்டைம் பாத்தா பத்தொம்பது. லோனுக்கு அஞ்சாயிரத்து எரநூறு போயிரும்."

நான் மகளைப் பார்த்தேன். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். மகள் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, முடிச்சிட்டு எத்தன எடத்துல அப்ளை பண்ணீங்க?"

"ரெண்டு எடம். ஒண்ணுல கூப்பிடவே இல்ல. இன்னொண்ணு மெட்ராஸ்ல. சரக்கு எவ்வளவு வாங்கணும், எப்ப வாங்கணும்னு கணக்குப் பாக்க வேலை. மூணு ரவுண்டு முடிஞ்சி, கடைசி ரவுண்டுக்கு மறு மாசம் வாங்கன்னு சொன்னாவ."

"போனீங்களா?"

"போவல."

"ஏன்க்கா?"

அவள் டீயை ஊதினாள். "படிச்சி முடிச்சி ஒரு வருசம் கழிச்சித்தான் கட்டணும்னு பேப்பர்ல போட்டிருக்கு. பதினோராவது மாசம், பேங்க்காரர் எங்கம்மைய ரேசன் கடைல பாத்துட்டு, 'அடுத்த மாசத்துலேர்ந்து கட்டணும்மா, பிள்ள என்ன செய்யுது'ன்னு கேட்டுட்டாவ. நல்ல மனுசன், சும்மாதான் கேட்டாவ. வரிசைல பத்துப் பேரு நின்னாவ. கையெழுத்துப் போட்டது எங்கம்மைல்லா? வீட்டுக்கு வந்து அன்னைக்குச் சோறு திங்கல. எங்கூர்ப் பிள்ளைக ரெண்டு பேரு இங்க இருந்தாளுவ. மறுநா பஸ் ஏறிட்டேன். ஒரு தவணை தவறல."

"அந்த மெட்ராஸ் வேலைல சம்பளம் எவ்ளோ சொன்னாங்க?"

"இருவத்தெட்டு."

ஜெராக்ஸ் மெஷின் சும்மா இருக்கும்போது அவ்வப்போது தானாக ஒரு தடவை உறுமும். அப்போது உறுமியது.

"ஒரு மாசம்," என்றாள் அவள். "ஒரே ஒரு தவணை. அஞ்சாயிரத்து எரநூறு கைல இருந்திருந்தா எங்கம்மைட்டக் குடுத்துட்டு, மெட்ராஸ் போயிருப்பேன். கிடைக்குமோ கிடைக்காதோ, போயாவது பாத்திருப்பேன்."

என் கணக்குத் தாள் மேசையில்தான் இருந்தது. கடன் இருந்தது, வட்டி இருந்தது, வராத சம்பளம் இருந்தது. இந்த ஒரு மாதம் மட்டும் அதில் எங்கும் இல்லை. டிகிரி வாங்கினால் எவ்வளவு வரும், வாங்காவிட்டால் எவ்வளவு வரும் என்றுதான் போட்டிருந்தேன். வாங்கிய பிறகு பயத்தில் முதல் பஸ் ஏறினால் எவ்வளவு போகும் என்று போடவில்லை. பயத்தைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்கே அது தோன்றவில்லை.

அந்தப் பெண் அதற்குள் காலேஜ் ஃபீஸ் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, ஆஸ்டல் எதுக்கு? படிப்பவிட ஆஸ்டலுக்குல்லா கூடப் போட்டிருக்கான்."

"இங்கேர்ந்து டெய்லி போவ முடியாதுக்கா. தாம்பரம் போயி ட்ரெயின் புடிக்கணும். அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும்."

"நான் பஸ்ட் ஷிப்ட்னா மூணரைக்கு எந்திக்கேன். அஞ்சு மணிக்கு எனக்கு பாதி வேலை முடிஞ்சிரும்."

மகள் முகம் சுருங்கிவிட்டது. எகனாமிக்ஸ் பற்றிப் பேசியபோது இருந்த தைரியம் ஹாஸ்டலைப் பற்றிப் பேசும்போது இல்லை. ஹாஸ்டலில் இருந்தால்தான் காலேஜ் மாதிரி இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். சாயங்காலம் அவளே ஒரு தாளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் மட்டும் வாங்கினால், வட்டியோடு சேர்ந்து மாதம் மூன்றாயிரத்து நூறு. அடியில் கோடு போட்டு, "ஹாஸ்டல் இல்லை" என்று எழுதியிருந்தாள். பேங்கில் கேட்டுவிட்டாளாம், குறைத்து வாங்கலாமாம்.

ஏழாயிரம் மூன்றாயிரத்து நூறு ஆனதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தாம்பரத்தில் ட்ரெயின் ஏறும்போது கூட்டத்தில் தள்ளிவிடுவார்களே என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள். நன்றாக இஸ்திரி போட்ட சுடிதார். நேற்று ஓடி வந்தபோது நைட்டிக்கு மேல் துப்பட்டாதான் போட்டிருந்தாள்.

"அண்ணாச்சி, என் கவரைக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில், சரக்கு ப்ளானிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு மாதமாகக் கிடந்த விளம்பரமாம். நேற்று எங்களிடம் பேசிவிட்டுப் போனபிறகு போன் போட்டிருக்கிறாள். நாளைக்குக் காலையில் இன்டர்வியூ.

"காப்பி போடுங்க. பத்தாவது, ப்ளஸ் டூ, ஆதார்." காக்கிக் கவரை என் பக்கம் தள்ளினாள். "டிகிரியையும் போடுங்க."

இத்தனை வருடத்தில் என் கடையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. மெஷின் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துவிட்டுப் போட்டேன்.

"இப்ப வேல பாக்கற எடத்துல தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும். தவணை ஆறு மாசத்துக்குச் சேத்து வச்சிட்டேன் அண்ணாச்சி. இந்தத் தடவ போயிப் பாக்கேன்."

நான்கு காப்பி, எட்டு ரூபாய். பத்தாகக் கொடுத்தாள். இரண்டு ரூபாய் சில்லறை இல்லை. வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நாளை காலை அவளுக்கு இன்டர்வியூ. நாளை மாலை நான்கு மணி வரை எனக்குக் கையெழுத்துப் போட நேரம் இருக்கிறது. அவளுக்கு வேலை கிடைத்தால் போடுவது, கிடைக்காவிட்டால் யோசிப்பது. இதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"யாரோ ஒரு பொண்ணு பாஸாவணும், அப்பத்தான் எம் பொண்ணு படிக்கணுமா? நல்லாக் கீதுய்யா உன் நாயம்."

"ஒரு ஆதாரம் வோணும்ல?"

"நீ ஒம்போதாவதுல வயித்த வலின்னு வந்துட்ட. அப்ப யாரு உனக்கு ஆதாரம் குடுத்தது?"

இருபத்திரண்டு வருடமாக அந்த வயிற்று வலியை அவள் எடுக்காமல் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. உள்ளே இருப்பாள். பன்னிரண்டுக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஒரு மணிக்கும் ஸ்விட்ச் ஆஃப். வேலை கிடைத்தால் யாராவது போனை அணைத்து வைப்பார்களா? கிடைக்காவிட்டால் மட்டும் அணைத்து வைப்பார்களா? சார்ஜ் இல்லாமலும் இருக்கலாம். இரண்டரை வரை இந்த மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன். மகள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவள் அப்படிப் பார்க்காமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஷட்டரை இறக்கினேன்.

பேங்கில் ஒரு அம்மா என் தாள்களைப் புரட்டினார்.

"உங்க ஆதார் ஜெராக்ஸ் தெளிவா இல்லைங்க. வெளிய நல்ல கடையாப் பாத்து எடுத்துட்டு வாங்க."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் பேங்குக்கு எதிரில் இருந்த கடைக்குப் போனேன். அங்கே ஒரு பக்கம் மூன்று ரூபாய். என்னுடையதைவிட மங்கலாக விழுந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது ஓகே" என்றார்.

ஃபாரத்தில் என் படிப்பைக் கேட்டிருந்தது. மகள்தான் நிரப்பினாள்.

"ஒம்போதாவது பாஸா, ஃபெயிலாப்பா?"

"எழுதவே இல்ல."

"பத்தாவதுக்குக் கீழன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணும்மா," என்றார் அந்த அம்மா. அப்படி ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

கையெழுத்துப் போடும்போது மூன்று மணி ஐம்பது. போடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஆறு இடத்தில் போட வேண்டியிருந்தது. நான்காவதில் கை கொஞ்சம் கோணிவிட்டது. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்களோ என்று இரண்டு நாள் பயமாக இருந்தது. அனுப்பவில்லை.

மறுநாள் போஸ்ட் ஆபீஸில் ஒரு ஆர்.டி. போட்டேன். மாதம் ஆயிரம். மூன்று வருடம் போனால் ஒரு வருடத் தவணைக்குச் சரியாக இருக்கும் என்று மகள்தான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். அவள் படித்து முடித்தபின், கடைசி ரவுண்டுக்கு மறு மாதம் வரச் சொன்னால், மறு மாதம் போவதற்கு. ரேஷன் கடையில் யாராவது கேட்டால் சொல்வதற்கும். பாஸ்புக்கை டிராயரில்தான் வைத்திருக்கிறேன். மேலே முப்பது கவர் இருக்கிறது.

மகள் இப்போது ஐந்து மணிக்கு எழுந்து போகிறாள். தாம்பரத்தில் ஏறியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுவாள். ஒருநாள் போட மறந்துவிட்டாள். அன்று நான் எடுத்த காப்பிகள் எல்லாம் கோணலாக விழுந்தன.

அந்தப் பெண் இதுவரை வரவில்லை. போனும் போகவில்லை, நம்பர் மாற்றியிருக்கலாம். கவரைத் திரும்ப வைக்கவும் வரவில்லை, இரண்டு ரூபாயை வாங்கவும் வரவில்லை. இதில் எது எதற்கு அடையாளம் என்று தெரியவில்லை. மகளிடம் கேட்டால், இதையெல்லாம் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது, ஒரே ஒரு ஆள்தானே என்கிறாள். இரண்டு ரூபாய்க் காசு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.